சி.கே. இறங்கிவிட்டது, தரையிலிருந்து மட்டும் எழ முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 46, எடை 56 கிலோ. நான்கு மாதங்களுக்கு முன் கண்ணிமைகளில் ஊதா நிறத் தடிப்பு வந்தது. பிறகு விரல் முட்டிகளின் மேல் சிவந்த மேடுகள், கழுத்திலும் மார்பிலும் சிவப்பு. படியேறவும் தலை சீவவும் முடியாமல் போனபோது டெர்மடோமயோசைட்டிஸ் (தோலையும் தசையையும் தாக்கும் அழற்சி நோய்) என்றார்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தத்தில் சி.கே. (தசை உடைந்தால் ரத்தத்தில் கசியும் நொதி) 2,850, எஸ்.ஜி.ஓ.டி. 168, எஸ்.ஜி.பி.டி. 120. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 40 மி.கி., எதிர்ப்பாற்றலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை 15 மி.கி. தொடங்கினார்கள். மூன்றாவது வாரம் சி.கே. 1,100, ஓ.டி. 84, பி.டி. 92. அதைப் பார்த்த வேறொரு மருத்துவர் கல்லீரல் பாதித்திருக்கிறது என்று மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிட்டார். ஆறாவது வாரம் சி.கே. 410, ஓ.டி. 41, பி.டி. 58. ஆனாலும் தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ஏ.என்.ஏ. (செல்லின் கருவைத் தாக்கும் ஆன்டிபாடிகளைப் பார்க்கும் சோதனை) 1:320, ஸ்பெக்கிள்டு. தசை அழற்சிக்கான ஆன்டிபாடிகளைத் தேடும் மயோசைட்டிஸ் பேனலில் டி.ஐ.எஃப்.1-காமா மூன்று பிளஸ், ரோ-52 ஒரு பிளஸ், பி.எல்.-12 ஒரு பிளஸ். ஃபெரிடின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) 210. மார்பு எக்ஸ்ரே நார்மல். மருந்து வேலை செய்யவில்லையா? இந்த நோய் புற்றுநோயாக மாறும் என்று படித்தேன், உண்மையா? எத்தனை வருடம் இருப்பேன்? இன்னொன்று: பத்து நாட்களாகத் தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறுகிறது. மாத்திரைச் சூட்டினால் இருக்குமோ?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த மூக்கில் ஏறும் தண்ணீர்தான், மேலே உள்ள எல்லா எண்களையும்விட அவசரமானது. அது மாத்திரைச் சூடு இல்லை. மேலண்ணமும் தொண்டையும் உணவுக்குழாயின் மேற்பகுதியும் தொடையில் இருப்பது போன்ற வரித்தசையால் ஆனவை. இந்த நோய் அவற்றையும் பிடிக்கும். அண்ணம் சோர்ந்துபோனால், விழுங்கும் நேரத்தில் மூக்குக்குப் போகும் வழி மூடாது, தண்ணீர் மேலே ஏறும். இந்தத் தசைகள் அளவில் சிறியவை. அவற்றிலிருந்து கசிவது சி.கே.யில் பெரிதாகத் தெரியாது. அதனால்தான் எண் இறங்கிக்கொண்டே இருக்க, விழுங்குவது மோசமாகிக்கொண்டே போக முடிகிறது.

மூக்கில் ஏறுவது தொந்தரவு மட்டுமே. பயப்பட வேண்டியது மூச்சுக்குழாயில் இறங்குவதற்குத்தான். அப்படி இறங்கி வரும் நிமோனியா இந்த நோயில் உயிரைப் பறிக்கும் காரணங்களில் ஒன்று. எனவே அடுத்த முறை வரச் சொன்ன தேதிவரை காத்திருக்காமல், இந்த வாரமே உங்கள் வாதநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவாகவோ, மூக்கு வழியே மெல்லிய குழாய்க் கேமரா விட்டோ பார்க்கச் சொல்வார். அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயை நெஞ்சுப் பக்கம் சற்றுத் தாழ்த்தி, ஒரு வாய்க்கு ஒரு சிறு மடக்காகக் குடியுங்கள். நீர்த்த பானத்தைவிடச் சற்றுக் கெட்டியானது பாதுகாப்பாக இறங்கும். கட்டியும் நீருமாகக் கலந்த உணவை இப்போதைக்கு ஒதுக்குங்கள். சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்க வேண்டாம். ஸ்டீராய்டுக்குத் துணையாக எலும்புக்கு வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அந்த மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும், மாற்று மருந்து தேவைப்படும். குடித்தபின் குரல் ஈரமாகக் களகளவென்று ஒலித்தாலோ, புரையேறி இருமல் நிற்காவிட்டாலோ, காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி எண்களுக்கு வருவோம். எளிதான முடிச்சு முதலில்: உங்கள் கல்லீரல்.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் 'கல்லீரல் பரிசோதனை' என்ற தலைப்பின் கீழ் அச்சாவதால் எல்லோர் கண்ணும் கல்லீரலுக்கே போகிறது. இரண்டும் தசையிலும் இருக்கின்றன. தசை உடையும்போது சி.கே.யோடு சேர்ந்து அவையும் ரத்தத்தில் ஏறும். உங்கள் மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓ.டி. 168 வந்தது முதல் மாத்திரைக்கு முன்பே. மெத்தோட்ரெக்சேட் உள்ளே போய்க்கொண்டிருந்த மூன்று வாரத்தில் அது 84 ஆகக் குறைந்திருக்கிறது. கல்லீரலைக் கெடுக்கும் மருந்து அந்த எண்ணைப் பாதியாக்காது. ஓ.டி. ரத்தத்திலிருந்து சீக்கிரம் வடியும், பி.டி. மெதுவாக வடியும். ஆரம்பத்தில் ஓ.டி. மேலேயும், நோய் தணியும்போது பி.டி. மேலேயும் இருப்பது தசைக் கசிவு அடங்கும்போது வழக்கமாகக் காணும் வரிசை. உங்களுக்கும் அதுவேதான்.

சந்தேகம் தீர ஒரு பரிசோதனை போதும்: ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி. இது தசையிலிருந்து வராது. ஜி.ஜி.டி.யும் பிலிருபினும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் சரியாக இருந்தால், குற்றவாளி தசைதான் என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். அந்த விடையோடு மெத்தோட்ரெக்சேட்டைத் திரும்பத் தொடங்குவது பற்றிக் கேளுங்கள், நீங்களாகத் தொடங்க வேண்டாம். தொடங்கினால் வாரத்தில் ஒரே நாள்தான். தவறுதலாகத் தினமும் போட்டு ரத்த அணுக்கள் சரிந்து வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபோலிக் அமிலம் உடன் வேண்டும், கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் இந்த மருந்தே கூடாது. ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை இதுவரை நடக்கவில்லை என்றால் அதற்கும் இதுவே நேரம்.

அடுத்து, நீங்கள் முதலில் கேட்டது: மருந்து வேலை செய்யவில்லையா? தசை அளவில் செய்திருக்கிறது. 2,850-லிருந்து ஆறு வாரத்தில் 410 நல்ல இறக்கம். ஆனால் சி.கே. காட்டுவது இன்று எவ்வளவு தசை கசிகிறது என்பதை. எவ்வளவு தசை மிச்சமிருக்கிறது, அது எவ்வளவு தூக்கும் என்பது அதற்குத் தெரியாது. ஓட்டையை அடைத்தவுடன் தொட்டி நிரம்பிவிடாது. நார்கள் மறுபடி வளர வேண்டும். இந்த நோய் தசைக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் அழிப்பதால் அந்த வளர்ச்சி மெதுவாகவே நடக்கும். சி.கே. இறங்கிப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்துத்தான் வலிமை வரும். உங்கள் ஆறு வாரத்தை வைத்துத் தோல்வி என்று சொல்ல முடியாது.

எதிர்த்திசையில் ஏமாறுபவர்களும் உண்டு. நோய் முற்றித் தசை கொழுப்பாக மாறியவருக்குக் கசிய எதுவும் இல்லாததால் சி.கே. நார்மலாக வரும். டெர்மடோமயோசைட்டிஸிலேயே சிலருக்குத் தொடக்கம் முதல் சி.கே. ஏறுவதில்லை, ஆல்டோலேஸ் என்ற இன்னொரு தசை நொதி மட்டும் ஏறும். ஆகவே நார்மல் சி.கே. நோய் இல்லை என்பதற்குச் சான்று அல்ல. பொதுவான அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பற்றிக் கேட்கவே வேண்டாம், இந்த நோயின் வேகத்தை அவை நம்பும்படி காட்டுவதில்லை.

ஒரு சிக்கல் இன்னும் இருக்கிறது. தினம் 40 மி.கி. ஸ்டீராய்டும் தசையைக் கரைக்கும், குறிப்பாக இடுப்பையும் தொடையையும். அது நடக்கும்போது சி.கே. ஏறாது. எண் நார்மலுக்கு வர வர, எழுவது மட்டும் கடினமாகிக்கொண்டே போனால் இதைச் சந்தேகிக்க வேண்டும். பிரித்தறிய ஒரு துப்பு கழுத்து. மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும் தசைகளை நோய் பலவீனமாக்கும், ஸ்டீராய்டு பெரும்பாலும் விட்டுவைக்கும். குழப்பம் தொடர்ந்தால் தொடைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம். நீர்க்கோத்துப் பளிச்சென்று தெரிந்தால் நோய் உயிர்ப்போடு இருக்கிறது, அப்படி இல்லாமல் தசை மெலிந்து மட்டும் தெரிந்தால் ஸ்டீராய்டு அல்லது பழைய சேதம். இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர்: ஒன்றில் மருந்தைக் கூட்ட வேண்டும், மற்றதில் ஸ்டீராய்டைக் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டைக் குறைக்கத் துணைமருந்து வேண்டும் என்பதால்தான் மெத்தோட்ரெக்சேட் நின்றுபோனது எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு விழுங்கும் சிரமமும் இருப்பதால், ரத்த நாளம் வழி ஏற்றும் இம்யூனோகுளோபுலின் (கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகள்) பொருந்துமா என்று கேட்பது நியாயம். வழக்கமான அளவு கிலோவுக்கு 2 கிராம். உங்கள் எடைக்கு மொத்தம் 112 கிராம் வரும். அதை 2 முதல் 5 நாட்களில் பிரித்து ஏற்றி, 4 வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்வார்கள். புற்றுநோய்ச் சோதனைகள் முடியாத நிலையில், எதிர்ப்பாற்றலை அடக்காத மருந்து என்பது அதற்கு ஒரு கூடுதல் தகுதி. ரத்தம் உறையும் ஆபத்தும் சிறுநீரக நிலையும் பார்த்தபின்பே தருவார்கள்.

வலிமையை வீட்டிலேயே அளந்து எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில். சுமார் 45 செ.மீ. உயர நாற்காலியில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? தலையணை இல்லாமல் படுத்துத் தலையை எத்தனை வினாடி தூக்கி வைத்திருக்க முடிகிறது? இரு கைகளையும் தோள் உயரத்துக்கு நீட்டி எத்தனை வினாடி? பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும், விழுந்துவிடக் கூடாது. மருத்துவர் எட்டுத் தசைகளுக்குத் தலா 10 வீதம் 80 மதிப்பெண்ணுக்குச் சோதிப்பார். அந்த மதிப்பெண்ணையும் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து வாரக் குறிப்பு கையில் இருந்தால் 'முன்னைவிடப் பரவாயில்லையா' என்ற கேள்விக்கு ஊகித்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இயன்முறைப் பயிற்சியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். நோய் ஆறும்வரை அசையக் கூடாது என்பது பழைய கருத்து. மேற்பார்வையில் செய்யும் அளவான பயிற்சி வலிமையைக் கூட்டுகிறது, நோயைக் கிளறுவதில்லை.

இப்போது ஆன்டிபாடி, அதாவது உங்கள் எதிர்ப்பாற்றல் உங்கள் செல்களுக்கே எதிராக உண்டாக்கிய புரதம். சி.கே. இன்றைய நிலவரம் சொல்கிறது என்றால், ஆன்டிபாடி உங்கள் நோய் எந்த வகையைச் சேர்ந்தது, எந்த உறுப்பைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறது. உங்கள் பேனலில் மூன்று கோடுகள் பிளஸ் காட்டியிருக்கின்றன. மூன்றும் ஒரே எடையல்ல. இந்த நோய்க்கே உரிய ஆன்டிபாடிகள் பொதுவாக ஒருவரிடம் ஒன்றுதான் இருக்கும். டி.ஐ.எஃப்.1-காமாவும் பி.எல்.-12-உம் அப்படி ஒன்றையொன்று விலக்கும் வகை. இரண்டும் வந்தால் ஒன்று பொய்யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பட்டையில் கோடு எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்று பார்க்கும் இந்த முறையில் ஒரு பிளஸ் மட்டும் வருவது பல நேரங்களில் அப்படித்தான் முடிகிறது. ஏ.என்.ஏ. இங்கே சாட்சிக்கு வருகிறது: டி.ஐ.எஃப்.1-காமா செல்லின் கருவுக்குள் இருக்கும் புரதம், அதற்கு எதிரான ஆன்டிபாடி கருவில் புள்ளிப்புள்ளியாக ஒளிரும். உங்கள் தாளில் உள்ள 'ஸ்பெக்கிள்டு' அதேதான். பி.எல்.-12 உண்மையானால் கருவுக்கு வெளியே ஒளிர்ந்திருக்க வேண்டும். கூடவே விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டு வீக்கம், குளிரில் விரல் வெளுத்து நீலமாவது, விரல் ஓரம் தடித்து வெடிப்பது, வறட்டு இருமல் இவற்றில் சிலவாவது இருக்கும். நீங்கள் எதையும் எழுதவில்லை. ஆய்வகத்திடம் கருவுக்கு வெளியே ஒளிர்வு இருந்ததா என்று ஒரு வரி கேட்டால் விஷயம் தெளியும்.

ரோ-52 வேறு ரகம். அது மற்ற ஆன்டிபாடிகளோடு கூட வரும், நுரையீரல் பாதிப்போடு அதற்கு உறவு உண்டு. உங்களுக்கு ஒரு பிளஸ்தான், ஆனாலும் 'எக்ஸ்ரே நார்மல்' என்று விட்டுவிட முடியாது. நுரையீரல் இடைத்திசு அழற்சி ஆரம்பத்தில் சாதா எக்ஸ்ரேயில் தெரியாது. மெல்லிய வெட்டு சி.டி. ஒருமுறை, மூச்சு அளவு சோதனை ஒருமுறை, அதில் வாயுப் பரிமாற்ற அளவும் சேர்த்து. இந்த நோய் கண்ட எல்லோருக்கும் தொடக்கத்தில் செய்ய வேண்டியதுதான் இது. பின்னால் ஒப்பிட ஒரு தொடக்க அளவு வேண்டும்.

டி.ஐ.எஃப்.1-காமாவின் செய்தி புற்றுநோய் பற்றியது. ஆனால் நீங்கள் படித்த வாக்கியம் தலைகீழ். டெர்மடோமயோசைட்டிஸ் புற்றுநோயாக 'மாறுவது' இல்லை. எங்கோ இருக்கும் கட்டியை எதிர்த்து எழுந்த எதிர்ப்பாற்றல், அதே புரதத்தை வைத்திருக்கும் தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்குகிறது என்பதே இன்றைய விளக்கம். அதனால்தான் இரண்டும் அருகருகே, பெரும்பாலும் மூன்று ஆண்டு இடைவெளிக்குள், முன்னாலோ பின்னாலோ வெளிப்படுகின்றன. இந்த ஆன்டிபாடி உள்ள பெரியவர்களில் கணிசமானோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. குழந்தைகளிடம் இதே ஆன்டிபாடி புற்றுநோயைக் குறிப்பதும் இல்லை. ஆக, இது தீர்ப்பு இல்லை, தேடச் சொல்லும் உத்தரவு.

தேடுவதற்கு ஒழுங்கு உண்டு. தசை அழற்சி நோய்களுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு 2023-இல் வெளியிட்ட பரிந்துரையில், உயர் ஆபத்துக் காரணிகள் இரண்டு இருந்தாலே உயர் ஆபத்துப் பிரிவு. உங்களுக்கு டெர்மடோமயோசைட்டிஸ், டி.ஐ.எஃப்.1-காமா, 40-க்கு மேல் தொடக்கம் என மூன்று ஏற்கெனவே இருக்கின்றன. விழுங்கும் சிரமம் மிதமானது என்று உறுதியானால் நான்கு. இந்தப் பிரிவுக்கு முதலில் அடிப்படைச் சோதனைகள்: முழு உடல் பரிசோதனை, ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல் பரிசோதனை, ஈ.எஸ்.ஆர்., ரத்தப் புரத மின்பிரிகை, சிறுநீர், மார்பு எக்ஸ்ரே. கூடவே விரிவான சோதனைகள்: கழுத்து முதல் இடுப்புவரை சி.டி., மேமோகிராம், கருப்பைவாய்ச் சோதனை, இடுப்பறை அல்லது யோனி வழி ஸ்கேன், சினைப்பைப் புற்றுக்கான ரத்தச் சோதனையான சி.ஏ.-125, மலத்தில் மறைந்த ரத்தம். இவற்றில் எதுவும் சிக்காவிட்டால் பெட்-சி.டி. பற்றியும், வயிறு, பெருங்குடல் எண்டோஸ்கோபி பற்றியும் மருத்துவர் யோசிப்பார். பிறகு மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் அடிப்படைச் சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒருமுறை எடுத்த சி.டி. சுத்தமாக வந்தது என்று அதோடு நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. இன்னொரு தவறு, 'கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்' என்று எல்லா மார்க்கரையும் ஒரே குழாய் ரத்தத்தில் பார்த்துவிடுவது. அவை நார்மலாக வந்தால் கட்டி இல்லை என்று ஆகாது, சற்றே ஏறினால் வீண் அலைச்சல். ஸ்கேனுக்குப் பதில் அவை இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களின் தாளில் வேறு ஆன்டிபாடியின் பெயர் இருக்கலாம். எம்.ஐ.-2 என்றால் தோல் மாற்றம் பளிச்சென்று இருக்கும், சி.கே. ஆயிரக்கணக்கில் ஏறலாம், ஆனால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும். என்.எக்ஸ்.பி.2-இல் வீக்கமும் விழுங்கும் சிரமமும் அதிகம், சிறுவயதினருக்குத் தோலடியில் சுண்ணாம்பு படியும், பெரியவர்களுக்குப் புற்றுநோய்த் தேடல் அவசியம். எஸ்.ஏ.இ.-யில் தோல் முதலில் வந்து, தசை மாதங்கள் கழித்துத் தொடரும். ஜோ-1 குடும்பத்தில் நுரையீரலே மையம். தனியாகச் சொல்ல வேண்டியது எம்.டி.ஏ.5. தசை வலிமை ஏறக்குறைய நன்றாக, சி.கே. நார்மலாக, ஏ.என்.ஏ. நெகட்டிவாக இருக்கும். 'லேசான நோய்' என்று அனுப்பிவிடத் தோன்றும். ஆனால் உள்ளங்கையில் வலிக்கும் பருக்கள், விரல் முட்டியில் குழிப்புண், ஏறிக்கொண்டே போகும் ஃபெரிடின், குறையும் லிம்போசைட் (ஒருவகை வெள்ளணு) இவற்றோடு நுரையீரல் சில வாரங்களில் சரிந்துவிடலாம். ஆபத்து முதல் ஆறு மாதத்தில் குவிந்திருக்கிறது, அதைத் தாண்டியவர்கள் பலர் நன்றாக இருக்கிறார்கள். ஃபெரிடினுக்கு முன்கணிப்பு மதிப்பு உண்மையில் இந்த வகையில்தான். உங்கள் 210 பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

எத்தனை வருடம் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த எண்ணும் அதைச் சொல்லாது, சி.கே. நிச்சயமாகச் சொல்லாது. 20,000 சி.கே.யோடு வந்து முழு வலிமை பெற்றவர்கள் உண்டு. இந்த நோயில் ஆயுளைத் தீர்மானிப்பவை புற்றுநோய், நுரையீரல், விழுங்குதல், இதயம், கடும் தொற்று, வயது. உங்கள் விஷயத்தில் இவற்றில் முதல் மூன்றும் இன்னும் சரியாகப் பார்க்கப்படவே இல்லை. சோதனைகள் சுத்தமாக வந்து, தொண்டை தேறினால், எதிர்பார்ப்பு நன்றாகவே இருக்கும். தோல் மட்டும் சி.கே.யைப் பின்பற்றாமல் நீண்ட நாள் அடம்பிடிக்கலாம், டி.ஐ.எஃப்.1-காமாவில் அது சகஜம். வெயிலிலிருந்து காத்துக்கொள்ளுங்கள். இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் சோதனை கேட்டால் ஐ வகையைக் கேளுங்கள். டி வகை, சேதமடைந்து ஆறும் உடல் தசையிலிருந்தும் ஏறி, இதயம் பாதித்ததுபோல் பயமுறுத்தும். இதயத்துக்கென்று பார்க்கும் சி.கே.-எம்.பி.யும் அதே குழப்பம் செய்யும்.

அடுத்த ரத்தம் கொடுக்கும்போது சில விஷயங்கள். மூன்று நாள் முன்பிருந்து கடினப் பயிற்சி வேண்டாம், தசையில் ஊசி போட்டிருந்தால் சொல்லுங்கள். இரண்டும் சி.கே.யை ஏற்றும். தசையில் ஊசி செருகி மின்னோட்டம் பார்க்கும் ஈ.எம்.ஜி. செய்வதானால் ரத்தம் அதற்கு முன்பே. கொழுப்பு மாத்திரையான ஸ்டாட்டின் எடுப்பவரா, தைராய்டு குறைவா என்பதையும் மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். முடி, நகத்துக்கென்று பயோட்டின் மாத்திரை எடுத்தால் நிறுத்துவது பற்றி முன்கூட்டியே கேளுங்கள், அது ட்ரோபோனின், தைராய்டு முடிவுகளைத் திரிக்கும். ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். இம்யூனோகுளோபுலின் முடிவானால், ஹெபடைட்டிஸ், ஆன்டிபாடி, புரத மின்பிரிகை எல்லாவற்றுக்கும் ரத்தத்தை அதற்கு முன் எடுத்துவிட வேண்டும். ஏற்றியபின் எடுத்தால் கொடையாளர்களின் ஆன்டிபாடிதான் உங்கள் தாளில் பாசிட்டிவாக அச்சாகும், ஈ.எஸ்.ஆரும் காரணமின்றி ஏறும். டி.ஐ.எஃப்.1-காமா பேனலை மாதாமாதம் திரும்ப எடுக்க வேண்டியதில்லை, அதன் அளவைப் பார்த்து மருந்தை மாற்றுவது வழக்கமில்லை. அந்த ரத்தத்துக்குப் பதில் ஜி.ஜி.டி.யைக் கேளுங்கள். தொண்டைக்கான தேதியை மட்டும் நாளைக்கே வாங்கிவிடுங்கள்.